உள்ளே போய் வந்தவருக்கு வேலை: புதிதாக உதவ வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த வழக்குத் தாள்கள். வழக்கில் சிக்கியவர்களுக்கும் சிறைக்குப் போய் வந்தவர்களுக்கும் நாங்கள் வேலை தேடித் தருகிறோம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருவார்கள். மீதிப் பேரிடம் தாளே இருக்காது. "அண்ணே, எம்மேல ஒரு கேஸ் இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். என்ன கேஸ்? "அடிதடிண்ணே." முடிந்ததா? "முடிஞ்சிடுச்சு, ஃபைன் கட்டிட்டேன்."

இந்தப் பதிலிலேயே ஒரு சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டப்படி அது தண்டனை பெற்றதாகவே ஆகும். அவர் கணக்கில் கேஸ் ஒழிந்தது. நீதிமன்றக் கணக்கில் அவர் தண்டனை பெற்றவர். நாளைக்கு ஒரு படிவத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கேள்விக்கு இவர் 'இல்லை' என்று எழுதுவார். மனதறிந்து சொன்ன பொய் இல்லைதான், ஆனால் படிவத்தைச் சரிபார்ப்பவருக்கு அது பொய்.

சில வருடங்களாகத் திருச்சிப் பக்கம் இந்த வேலையைப் பகுதிநேரமாகச் செய்து வருகிறேன். முதல் வருடம் முழுக்க முதலாளிகளைத் தேடித்தான் ஓடினேன். வேலை கிடைத்தது, ஒரு மாதத்தில் போனது. வேலை வாங்கித் தருவது சின்னப் பாதி, அதில் அவரை நிற்க வைப்பதுதான் பெரிய பாதி என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நீங்கள் அந்த வருடத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்வது.

முதலில் தாள், அப்புறம்தான் வேலை

'கேஸ் இருக்கு' என்பது ஒரே பொருள் தரும் சொல் இல்லை. உங்கள் எதிரே இருப்பவர் கீழ்க்கண்டவர்களில் யார் என்று முதல் சந்திப்பிலேயே கண்டுபிடிக்கப் பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டு, குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கல் ஆகாதவர். ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவர். வழக்கு நடந்துகொண்டிருப்பவர். எஃப்.ஐ.ஆரைப் போலீஸே 'பொருண்மைப் பிழை' (புகாரில் சொன்ன விவரமே தவறு) என்று முடித்துவிட, அதுகூடத் தெரியாமல் பயந்துகொண்டிருப்பவர். லோக் அதாலத்தில் சமரசம் ஆனவர். சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் என்றால் அது விடுதலைக்குச் சமம். விடுதலை ஆனவர். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர். தண்டனையை முழுதாகக் கழித்தவர். குண்டாஸில் போய் வந்தவர்; அது தடுப்புக் காவல்தான், தண்டனை ஆகாது. ஊரில் மட்டும் 'குண்டாஸ் ஆளு' என்ற பெயர் தங்கிவிடும்.

தண்டிக்கப்பட்டவர்கள்தான் சிறைக்குப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிற தன்னார்வலர்கள் நிறையப் பேர். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் மேல் தீர்ப்பே வரவில்லை. உங்களிடம் வருகிறவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள்.

தாள் இல்லாவிட்டால் எப்படித் தேடுவது? அவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறங்கள். மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், வருடம். எண் தெரியாவிட்டால் பெயரும் வருடமும் போட்டுத் தேடலாம். ஆங்கிலத்தில் அவர் பெயரை எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள். எங்களிடம் வந்த ஒரு செந்திலை 'எச்' இல்லாமல் தேடிய பிறகுதான் கண்டுபிடித்தோம். வழக்கு கிடைத்ததும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் இனி எப்போது வேண்டுமானாலும் நிலவரம் பார்த்துவிடலாம். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். மட்டும் அங்கே இருக்காது. தீர்ப்பு வந்த வழக்கென்றால் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். போட்டோவும் ஜெராக்ஸும் எந்த இடத்திலும் செல்லாது.

இதில் முக்கியமானது, அவர் சொன்ன ஒரு வழக்கோடு நிறுத்திவிடாமல் அவர் வாழ்ந்த எல்லா மாவட்டங்களிலும் தேடுவது. ஒரு வெல்டர் தம்பி. நல்ல கை. பேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் சேர்த்துவிட்டோம், முதலாளியிடம் எல்லாம் சொல்லித்தான். மூன்றாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேறொரு மாவட்டத்து ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது. பழைய குடிப் பிரச்சினை வழக்கு ஒன்று, "நான் பாத்துக்கறேன்" என்று வக்கீல் சொன்னதை நம்பி இவர் மறந்தே போயிருந்தார். வாய்தாவுக்குப் போகாததால் பிடிவாரண்ட். முதலாளி எங்களிடம் சொன்னது இதுதான்: "கேஸ் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல சார். கேட்ல ஜீப் நிக்குதே, அதுக்கு எங்க ஆளுங்ககிட்ட நான் என்ன பதில் சொல்ல?"

வாரண்ட் இருப்பது தெரிந்தால் வேலைப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வக்கீலோடு அவரே நீதிமன்றத்தில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடட்டும். தானாக வந்தவரை நீதிமன்றம் பார்க்கும் விதமே வேறு. வக்கீலுக்குக் காசில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லோருக்கும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

சிம் கார்டு, ஆதார், பாஸ்புக்

இது சலிப்பான வேலை. ஆனால் இதில்தான் இரண்டு வாரம் போகும். உள்ளே இருந்த காலத்தில் சிம் காலாவதியாகி, அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். ஆதாரோடு இணைத்தது அந்த எண்தான், ஆகவே ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. வராவிட்டால் பி.எஃப். இல்லை, வங்கி இல்லை, ஓட்டுநர் உரிமத்தைக்கூட ஆன்லைனில் பார்க்க முடியாது. அதனால் வரிசை இப்படி: முதலில் சிம், அப்புறம் ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண் மாற்றம், அதன் பிறகு வங்கி.

இரண்டு வருடத்துக்கு மேல் வரவுசெலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்திருக்கும். கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்தால் திறந்துவிடுவார்கள், புதுக் கணக்கு தேவையில்லை. ஓட்டுநராக இருந்தவரென்றால் உரிமம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சிறையில் ஏதாவது தொழில் பார்த்திருந்தால் அதற்குச் சான்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வேலூர் சிறையில் காலணி, கோவையில் நெசவு என்று ஒவ்வொரு மத்திய சிறைக்கும் ஒரு தொழில் உண்டு. அங்கே நாலு வருடம் மிஷின் ஓட்டியவர் வெளியே வந்து "எனக்கு ஒரு வேலையும் தெரியாதுண்ணே" என்று சொல்வார். ஜெயிலில் செய்த வேலையை வேலை என்று அவர் மனம் எண்ணுவதே இல்லை.

எந்தக் கதவு மூடியிருக்கிறது

மூடிய கதவைத் தட்டித் தட்டி மனம் விட்டுப்போவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒழுக்கக்கேடு சார்ந்த (திருட்டு, மோசடி போன்ற) குற்றத்தில் தண்டனை பெற்றவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகள் சட்டப்படி ஆளின் முன்நடத்தையைச் சரிபார்த்தாக வேண்டும். 'வாட்ச்மேன் வேலைதானே' என்று லேசாக எண்ணி அனுப்பாதீர்கள். பள்ளி, விடுதி, குழந்தைகள் இல்லம் இவற்றிலும் சரிபார்ப்பு உண்டு. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்றால் குழந்தைகள் நடமாடும் எந்த இடத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பேச்சே இல்லை.

அரசு வேலை தனிக் கதை. குறிப்பாகப் போலீஸ் வேலை. தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், புகார் கொடுத்தவரே பேச்சை மாற்றிப் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும்கூட 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே கொள்ளப்படுவார்கள். அதனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 'குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை' என்பதும் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்பதும் அவருக்கு ஒன்றுதான், தேர்வு வாரியத்துக்கு வேறு வேறு.

வெளிநாடு போகிறேன் என்று பலர் சொல்வார்கள். வளைகுடாவில் மச்சான் இருப்பான். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், தண்டனை கிடைத்து ஐந்து வருடம் ஆகும்வரை பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

எதிர்ப்பக்கம், பலருக்கும் தெரியாத இரண்டு நல்ல சேதிகள். 1958ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகளின்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரத்திலோ விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நடத்தையைக் காரணம் காட்டித் துறை நடவடிக்கை வரலாம், அது வேறு. அடுத்து, பதினெட்டு வயது நிறையும் முன் நடந்த சம்பவம் என்றால் 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம் காக்கும். இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்த வழக்கால் தகுதியிழப்பு கிடையாது, உரிய காலத்துக்குப் பின் பதிவுகளையே அழிக்க வேண்டும். பதினாறுக்கு மேற்பட்டு, பெரியவர் போல விசாரிக்கப்பட்ட கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. சம்பவத் தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு இப்போது வயது முப்பது என்பதால் இது பலமுறை கண்ணில் படாமலே போய்விடும்.

மீதி உலகம் திறந்துதான் இருக்கிறது. தையல், வெல்டிங், லேத், சமையல், பரோட்டா மாஸ்டர், ஏ.சி. மெக்கானிக், டைல்ஸ், பெயிண்டிங், மார்க்கெட்டில் லோடு ஏற்றுவது, நர்சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குற்றமும் வேலையும் ஒன்றை ஒன்று உரசக் கூடாது. திருட்டு வழக்கு உள்ளவரிடம் முதல் ஆறு மாதம் ஸ்டோர் ரூம் சாவி போக விடாதீர்கள். அவரை நம்பாததால் இல்லை. எது காணாமல் போனாலும் கேள்வி அவரிடம்தான் போகும்.

சொல்வதா, மறைப்பதா

கேள்வியைப் படியுங்கள். எழுத்து எழுத்தாக. 'தண்டனை பெற்றதுண்டா', 'கைது செய்யப்பட்டதுண்டா', 'வழக்கு நிலுவையில் உண்டா' என்ற மூன்றும் மூன்று கேள்விகள். ஜாமீனில் இருப்பவர் முதலாவதற்கு 'இல்லை' என்று எழுதலாம், மற்ற இரண்டுக்கும் எழுத முடியாது. கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும். கேட்காததை எல்லாம் கொட்டவும் வேண்டாம்.

அரசு, பொதுத்துறை வேலைகளில் இதற்கு அடிப்படையாக வக்கீல்கள் காட்டுவது 2016இல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்ன அவ்தார் சிங் வழக்குத் தீர்ப்பு. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தால் வேலை போகலாம். ஆனால் இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கென்றால் மறைத்ததைக்கூட நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதுதான் சுருக்கம். ஆறுதலும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. தனியார் வேலையில் இப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் தனியாகக் கிடையாது. முதலாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சின்னப் பட்டறைகளில் படிவமே இருக்காது. அங்கே என்னுடைய வழக்கம், முடிவெடுக்கும் ஒரே ஒருவரிடம் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுவது. சூப்பர்வைசரிடம் வேண்டாம், கூட வேலை செய்பவர்களிடம் நிச்சயமாக வேண்டாம். எப்படிச் சொல்வது என்பதை வீட்டிலேயே நாலு தரம் சொல்லிப் பார்க்க வைப்பேன். எங்களிடம் வந்த ஒருவர் கடைசியில் பேசியது இப்படி:

"அண்ணே, ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். 2019ல ஒரு அடிதடியில கேஸ் ஆகி ரெண்டு வருஷம் தண்டனை. முழுசா முடிச்சுட்டு வெளிய வந்துட்டேன், வேற கேஸ் எதுவும் இல்ல, பேப்பர் இருக்கு. உள்ள தையல் பிரிவுல இருந்தேன், பவர் மெஷின் ஓட்டுவேன், ஓவர்லாக்கும் வரும். ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா வைங்க."

அவ்வளவுதான், அரை நிமிடம். முதல் தடவை ஒத்திகை பார்த்தபோது இதே ஆள் இருபது நிமிடம் பேசினார். மச்சான் என்ன சொன்னான், யார் முதலில் கை நீட்டியது, எஸ்.ஐ. எப்படி நடந்துகொண்டார் என்று எல்லாம் வந்தது. அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். முதலாளி காதில் விழுவது 'இந்த ஆளுக்கு இன்னும் கோபம் தீரலை' என்பது மட்டும்தான். "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே, மாட்டி விட்டுட்டாங்க" என்ற வாக்கியத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். விடுதலை ஆனவரென்றால் பேசவே வேண்டாம், தீர்ப்பு நகலை நீட்டட்டும்.

முதலாளியிடம் நீங்கள் பேசும்போது

முடிவெடுக்க மேலே யாரையும் கேட்க வேண்டியிராத முதலாளியைத் தேடுங்கள். பத்து முதல் நாற்பது பேர் வேலை செய்யும் இடம், ஓனரே பட்டறையில் நிற்கிற இடம், உத்தமம். பெரிய கம்பெனிகளில் ஹெச்.ஆர். நல்லவராகவே இருப்பார், ஆனால் பின்னணிச் சரிபார்ப்பு வெளி ஏஜென்சியிடம் இருக்கும். அவர்கள் ஒரு சிவப்புக் குறி போட்டுவிட்டால் ஹெச்.ஆரால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தச் சரிபார்ப்பில் நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். 'எஸ். முருகன்' என்று நீதிமன்றப் பதிவில் தேடினால் ஒரே மாவட்டத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசியுங்கள். அப்பா பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் முடிந்தது. வேறொருவர் வழக்கை இவர் தலையில் கட்டிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். அப்போது அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள வழக்கின் எஃப்.ஐ.ஆரை எடுத்து, முகவரியும் வயதும் பொருந்தவில்லை என்று எழுத்தில் கொடுங்கள். முன்னெச்சரிக்கையாகக் காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புக்கு அவரே விண்ணப்பித்து, தன்னைப் பற்றி என்ன வருகிறது என்று பார்த்துவிடுவதும் நல்லது. கட்டணம் உண்டு. அந்தக் காசு வீண் போகாது.

முதலாளிகள் கேட்பது நாலே நாலு கேள்வி. போலீஸ் வருமா? கூட இருந்தவனுங்க தேடி வருவானுங்களா? மற்ற ஆட்களுக்குத் தெரிந்தால்? பணம் இருக்கும் இடத்தில் விடலாமா? நாலுக்கும் நேர்ப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். 'வாரண்ட் எதுவும் இல்லை, பார்த்துவிட்டோம்' என்று முதல் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறதென்றால் அது ஆரம்பத்தில் தாள் தேடியதற்குக் கிடைத்த கூலி. கடைசிக் கேள்விக்கு நான் சொல்வது: புழல், வேலூர், கோவை என்று சிறைத்துறையே இந்தியன் ஆயிலோடு சேர்ந்து பெட்ரோல் பங்க் நடத்துகிறது. உள்ளே இருப்பவர்கள்தான் பெட்ரோல் போட்டுக் காசு வாங்குகிறார்கள். 2023இல் புழலில் பெண்கள் நடத்தும் பங்கும் வந்தது. நீங்களே ஒரு நாள் அங்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள் என்பேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "ஆளுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். அந்தத் தம்பி எட்டாயிரம் ரூபாய் முன்பணத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். நாலு மாதம் தவணையில் நான்தான் கட்டினேன், வீட்டில் சொல்லாமல். இப்போதெல்லாம், "வாரம் ஒரு தடவை நான் வந்து பார்ப்பேன், பிரச்சினை என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்கிறேன். செய்ய முடிந்ததைச் சொன்னால் போதும்.

நிற்க வைப்பது

வேலை போவதற்குப் பழைய குற்றம் காரணமாக இருந்ததை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் காலை 10.30 மணி. கண்டிஷன் பெயிலில் வந்தவர் தினமும் 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். எட்டரை மணி ஷிஃப்டில் இருப்பவர் எப்படிப் போவார்? இரண்டு நாள் பர்மிஷன், மூன்றாம் நாள் லீவு, நாலாம் நாள் கையெழுத்தை விட்டுவிடுவார். விட்டால் ஜாமீனே ரத்தாகலாம். ஆகவே வேலை உறுதியான உடனே, ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனு போட வையுங்கள். வாரம் ஒருமுறை என்றோ, மாலை நேரம் என்றோ, வேலை செய்யும் ஊர் ஸ்டேஷன் என்றோ மாற்றிக் கேட்கலாம். முதலாளி லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் மனுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாய்தா. அதற்குப் போக முடியாதபோது போடும் மனுவைக் கோர்ட்டில் இன்னும் '317 மனு' என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் குற்ற வழக்கு நடைமுறைக்குப் புதுச் சட்டம் வந்த பிறகு அது 355ஆம் பிரிவு. அன்றைக்கு ஒரு நாள் வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்பது இந்த மனு. தொடர்ந்து நேரில் வருவதிலிருந்தே விலக்குக் கேட்பது பழைய 205, இப்போது 228. சின்ன வழக்கு, நீண்ட தூரம், தினக்கூலி என்றால் விலக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. வக்கீல் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். போகத்தான் வேண்டும் என்ற நாளை ஒரு வாரம் முன்பே முதலாளியிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்று காலையில் 'வயித்து வலி' என்று போன் பண்ணுகிறவர் மூன்றாவது வயித்து வலியில் வேலையை இழப்பார்.

அப்புறம் முதல் சம்பளம். ஒரு மாதச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வரும் நாளில் வக்கீல் பாக்கி, வட்டிக்காரர், தங்கச்சி, பழைய சேக்காளி எல்லோரும் வாசலில் நிற்பார்கள். திருப்பூரில் சனிக்கிழமைதோறும் சம்பளம் போடும் பனியன் கம்பெனிகள் உண்டு. அங்கே போனவர்கள் அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது என் அனுபவம். மாதச் சம்பள இடமென்றால் முதல் இரண்டு மாதம் மட்டும் வாராவாரம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய முன்பணம் வாங்க விடாதீர்கள். கடன்பட்ட ஆளைக் குறைந்த கூலிக்குப் பிடித்து வைக்க அது ஒரு நல்ல கயிறு. 'உன்ன எவன் வேலைக்கு வைப்பான்' என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களும், அசல் ஆதாரை வாங்கிப் பீரோவில் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். நகல் போதும், அசலைக் கொடுக்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதிலும் பழைய வழக்கு என்று ஒரு விலக்குக் கிடையாது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்ய அவருக்கும் உரிமை உண்டு.

ஏதாவது காணாமல் போகும் நாள் ஒன்று வரும். யாருடைய போனாவது, சாப்பாட்டு இடைவேளையில். ஒரு பேக்கரியில் நடந்தது: கவுண்டர் பையன் போனைக் காணோம் என்றதும், கேட்பதற்கு முன்னாலேயே நம் ஆள் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு லுங்கி, சீப்பு, தூக்குவாளி, அவ்வளவுதான். யாரும் அவரைச் சந்தேகப்படவே இல்லை. அந்தச் செய்கையால்தான் எல்லோரும் 'ஏன்?' என்று பார்த்தார்கள். போன் மைதா மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. இவர் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எல்லோர் பையையும் பார்க்கும்போது உங்கள் பையையும் காட்டுங்கள், தனியாகக் காட்டாதீர்கள், உடனே எனக்குப் போன் பண்ணுங்கள் என்று இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஏரியாவில் ஏதாவது நடந்தால் போலீஸ் பழைய பெயர்களைத்தான் முதலில் கூப்பிடும். வேலை செய்யும் இடத்தில் கைரேகை பஞ்சிங் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. இல்லாவிட்டால் வருகைப் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் ஓடக் கூடாது, வக்கீலுக்கோ உங்களுக்கோ தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சிறைத்துறையின் கீழ் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள், உங்கள் மாவட்டத்தில் இருப்பவரை முதலிலேயே போய்ப் பார்த்து வையுங்கள். அவர் பேசினால் ஸ்டேஷன் கேட்கும். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் தொழில் தொடங்க உதவும் சங்கத்துக்கு விண்ணப்பிக்கவும் அவரே வழி.

பெண்கள் விஷயத்தில் என் வரிசை மாறும். ஆண் உள்ளே போனால் வீடு காத்திருக்கும். பெண் போய் வந்தால் பல வீடுகளில் கதவு திறப்பதில்லை. தங்க இடம் அமையாமல் வேலை தேடிக் கொடுத்துப் பயன் இல்லை. விடுதி வசதியோடு உள்ள மில், தையல் யூனிட், வேலை செய்யும் மகளிர் விடுதி என்று முதலில் கூரையைப் பாருங்கள். பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். அவர் வேலையை விட்டு ஓடுவது பெரும்பாலும் அந்த ஊருக்குத்தான்.

மெதுவாகச் செய்ய வேண்டியவை

ஆறு மாதம் வேலையில் நின்ற பிறகு பழைய தாள்களைச் சீர்செய்யத் தொடங்கலாம். எதிர்த்தரப்போடு சமாதானம் ஆன தனிப்பட்ட தகராறு என்றால், சமரசத்தின் பேரில் வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மனு போடலாம். ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட் (ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கப் போலீஸ் வைக்கும் பதிவு) திறந்திருந்தால், பல வருடம் வழக்கில்லாமல் இருப்பதைக் காட்டி அதை மூடக் கோரி எஸ்.பி.யிடமோ கமிஷனரிடமோ மனு கொடுக்கலாம், நடக்காவிட்டால் உயர் நீதிமன்றம். பெரியவர்களின் தண்டனைப் பதிவை அடியோடு அழிக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. விடுதலையானவர் பெயரை இணையத்திலுள்ள தீர்ப்பிலிருந்து நீக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆகவே 'நெட்டுல இருந்து பேரைத் தூக்கித் தரேன்' என்று காசு கேட்பவர்களிடம் சிக்க விடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நல்ல பட்டன் ஃபைல் வாங்கிக் கொடுங்கள், முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். மேலே விடுதலைச் சான்றோ ஜாமீன் உத்தரவோ, அடுத்து தீர்ப்பு நகல், சி.என்.ஆர். எண் எழுதிய தாள், தொழில் சான்று, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம். உள் அட்டையில் அடுத்த வாய்தா தேதி, வக்கீல் எண், உங்கள் எண். மஞ்சள் பை அவரிடமே இருக்கட்டும். சாப்பாட்டு டப்பா கொண்டுபோக ஆகும்.